மொட்டை மாடியில் மிதுனா நிமிர்த்திய கம்பம்

இல்லை, ஜவாத்தோடு மிதுனா போகவில்லை. இதை நான் பால் வாங்கும் கடையில் சொன்னேன், கோயில் வாசலில் சொன்னேன், படியேறும்போது மூச்சு வாங்க வாங்கவும் சொன்னேன். "ஓம் அம்மா, ஓம்" என்று தலையை ஆட்டிவிட்டு, நான் ஒரு மாடி ஏறுவதற்குள் கீழே பழைய கதையையே தொடங்கிவிடுகிறார்கள். ஆனபடியால் சொல்லி எழுதுவிக்கிறேன். எனக்கு எழுதவும் தெரியாது, வாசிக்கவும் தெரியாது. கொட்டாஞ்சேனையிலிருந்து வந்திருக்கிற மகளின் பிள்ளை எழுதுகிறாள். திருத்தாமல் எழுது, பிள்ளை.

புருஷன் செத்ததற்கு ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள் என்கிறார்கள். அவனுடைய காற்சட்டையைப் போட்டுக்கொண்டு கூரையில் திரிந்தாள் என்கிறார்கள். கடைசியில், மாமியே வீட்டைவிட்டுக் கலைத்துவிட்டாள் என்று பாதிப் பேர், முஸ்லிம் பெடியனோடு போய்விட்டாள் என்று மீதிப் பேர். இந்தக் கதை எங்கே பிறந்தது என்று எனக்குத் தெரியாமலா? மூன்றாம் மாடிப் பத்மாவதியைப் போன கிழமை பால் கடையில் மறித்துக் கேட்டேன்.

"அக்கா, நான் ஒண்டும் சொல்லேல்லை. சனம் சொல்லுது எண்டுதான் சொன்னனான்."

"சனம் எண்டா ஆர்?"

"சனம்தான், அக்கா."

"அந்தச் சனம் மூண்டாம் மாடியில, உன்ர வீட்டுக் கதவுக்கு உள்ளுக்கைதானே குடியிருக்குது?"

பால் பைக்கற்றை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். மிதுனா வாசலால் இறங்கிய அன்றைக்குப் படியில் எதிரே நின்றது யார் என்று அவளிடம் கேட்டுப் பாருங்கள். அதற்கு மட்டும் வாய் திறக்கமாட்டாள். அதைக் கடைசியில் நான் சொல்கிறேன். முதலில் கம்பத்தின் கதையைச் சொல்லவேண்டும். அது தெரியாமல் மிதுனாவைத் தெரியாது.

மிதுனா என் மகன் பிரசாந்தின் மனைவி. வவுனியாப் பிள்ளை. தாய் தகப்பன் இல்லை, ஒரு தமையன் கனடாவில். பம்பலப்பிட்டியில் ஒரு கந்தோரில் கணக்கு வேலை பார்த்தாள். பிள்ளைகள் இல்லை. எங்கள் வீடு வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவிலுள்ள ஒழுங்கையில், நாலு மாடிக் கட்டடத்தின் மேல் மாடி. கடற்கரை ரயில் போனால் அலுமாரிக்குள் கிண்ணங்கள் கிலுகிலுக்கும். எங்கள் தலைக்கு மேலே மொட்டை மாடி. அது எல்லா வீட்டுக்கும் பொது.

கொவிட் ஊரடங்கில் வீட்டில் அடைபட்டிருந்தபோது பிரசாந்துக்கு இந்த ரேடியோப் பைத்தியம் பிடித்தது. பாட்டுக் கேட்கிற ரேடியோ இல்லை. இங்கிருந்து கதைத்தால் தூரத்தில் இருக்கிற இன்னொருவன் கேட்டுப் பதில் சொல்லுகிற ரேடியோ. பரீட்சை எழுதி, அனுமதி எடுத்து, அரசாங்கம் கொடுத்த பெயரில்தான் கதைக்கலாம். அவனுக்கு இதைக் காட்டிக்கொடுத்தவன் ஜவாத். கொம்பனித்தெருவில் போன் திருத்துகிற கடை வைத்திருக்கிறான். இரண்டு பேரும் சேர்ந்து மூன்று இரும்புப் பைப்பை ஒன்றுக்குள் ஒன்று செருகி, மாடியில் கம்பமாக நட்டார்கள். அதன் உச்சியிலிருந்து ஒரு செப்புக் கம்பி, குடிசைக் கூரை மாதிரி இரண்டு பக்கமும் சரிந்து இறங்கி, கைப்பிடிச் சுவரின் இரண்டு மூலைகளில் நைலோன் கயிற்றில் முடியும். அந்தக் கம்பிதான் அன்ரனா. கம்பம் அதைத் தூக்கிப் பிடிப்பதற்கு மட்டும். கம்பத்தைச் சுற்றி இழுத்துக் கட்டிய கம்பிகள் கம்பம் விழாமல் இருப்பதற்கு.

மிதுனாவுக்கு அதிலே ஒரு அக்கறையும் இருக்கவில்லை. "உங்கட மகன் காகத்தோட கதைக்கிறார், மாமி" என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பாள்.

போன தைப்பொங்கல் கழிந்து, இழுத்துக் கட்டிய கம்பிகளைக் கடல் உப்புத் தின்றுவிட்டது என்று சொல்லி, பிரசாந்தும் ஜவாத்தும் கம்பத்தைச் சரித்து மாடியில் நீளத்துக்குக் கிடத்தினார்கள். அடுத்த கிழமை புதுக் கம்பி போட்டு நிமிர்த்துவதாக இருந்தது. அதற்குள் பிரசாந்த் வேலை செய்யும் இடத்தில், கதிரையில் இருந்தபடியே சரிந்துவிட்டான். இதயம் என்றார்கள். ஆசுபத்திரிக்கு நாங்கள் போனபோது துணியால் மூடியிருந்தது.

அவ்வளவுதான். அதை நீட்டிச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

எட்டாம் நாள், எட்டுச் செலவுச் சாப்பாட்டுக்கு மாடியில்தான் கதிரை போட்டோம். வந்தவர்கள் கம்பத்தைத் தாண்டித் தாண்டிப் போய் இருந்து சாப்பிட்டார்கள். மிதுனா தண்ணீர்ப் போத்தல்களோடு அவர்களைப் போலவே தாண்டித் தாண்டி நடந்தாள். அழவில்லை. நானும் அழவில்லை. என்னைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லை, கிழவிக்குக் கண்ணீர் வற்றிவிட்டது என்று விட்டுவிட்டார்கள். அவளுக்கு வயது குறைவு, ஆனபடியால் அவளிடம் கண்ணீரைக் கேட்டார்கள்.

சோறு போட்டால் சாப்பிட்டாள். போடாவிட்டால் கேட்கவில்லை. குழாயைத் திறந்துவிட்டுத் தண்ணீர் ஓட ஓடப் பார்த்துக்கொண்டு நிற்பாள், நான் போய் மூடுவேன். கந்தோருக்குப் போனாள், வந்தாள். அவள் அறையில் அவளும் என் அறையில் நானுமாக, வீட்டில் இரண்டு மேசை இருந்த மாதிரி இருந்தோம்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்தபிறகு, கட்டடத்துக் கமிற்றித் தலைவர் தில்லைநாதன் வந்தார். வங்கியில் இருந்து இளைப்பாறியவர், மரியாதையான மனிதர்தான்.

"குறை நினைக்காதேங்கோ, அம்மா. மேல அந்தப் பைப் கிடக்குதெல்லே. சனம் உடுப்புக் காயப்போடப் போய்க் கால் தடக்குது."

"கிடக்கட்டும், தம்பி. அது ஒருத்தரையும் கடிக்காது" என்றேன்.

"அப்பிடியில்லை, அம்மா. ஒண்டில் எடுத்துப் போடுங்கோ, இல்லாட்டி முந்தின மாதிரி நிமிர்த்தி வையுங்கோ. கச்சான் காத்துத் தொடங்க முதல் ஏதோ ஒண்டு செய்யவேணும்."

"நிமிர்த்திறன்" என்றாள் மிதுனா. அறை வாசலில் நின்றிருக்கிறாள், நான் காணவில்லை.

"ஆரைக் கொண்டு, பிள்ளை?"

"நான்தான்."

தில்லைநாதன் என்னைப் பார்த்தார். நான் தேத்தண்ணீர் கொண்டுவர எழும்பிவிட்டேன்.

அதற்குப் பிறகு எவர் எதைக் கேட்டாலும் அவளிடம் ஒரே பதில். தமையன் கனடாவிலிருந்து போன் எடுத்து, இனி அங்கே என்ன இருக்கிறது, இங்கே வா என்பான். "கம்பம் நிமிர்ந்து வேலை செய்யட்டும், அண்ணா. பிறகு சொல்லுறன்." என் மகள் கொட்டாஞ்சேனையிலிருந்து வந்து, அம்மாவை நான் கூட்டிக்கொண்டு போனால் நீ என்ன செய்வாய் என்று கேட்டாள். "கம்பம் வேலை செய்யட்டும், மச்சாள். பிறகு பாப்பம்." அந்தப் 'பிறகு' எனக்கு விளங்கியது. கம்பம் கிடக்கும் மட்டும் அவள் என்னோடு இருப்பாள். அது நிமிர்ந்து வேலை செய்தால் முடிவு சொல்லுவாள். அந்த முடிவில் இந்த வீடு இராது என்று எனக்கு ஏனோ தெரிந்துவிட்டது.

ஜவாத் வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குக் கடையைப் பூட்டினால் பிறகு திறப்பதில்லை. அந்தப் பின்னேரங்களில் வருவான். இதைக் கேட்கிறவர்கள் காதைக் கொஞ்சம் அகலத் திறந்து கேளுங்கள்: மிதுனாவோடு வேலை செய்ய வந்த ஒரு வெள்ளியும் அவன் தனியே வந்ததில்லை. அவன் மனைவி ரிஸ்லா கூடவே வருவாள். வாளியைக் கவிழ்த்து வைத்து அதில் இருந்துகொண்டு, கயிற்றைப் பிடி என்றால் பிடிப்பாள், மற்ற நேரம் என்னோடு கதைப்பாள். மிதுனாவும் வெள்ளியில் கந்தோரிலிருந்து வேளைக்கு வந்துவிடுவாள். சேலையோடும் சல்வாரோடும் பைப்பில் ஏறவும் குனியவும் முடியாது. பிரசாந்தின் காற்சட்டையை அலுமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தது நான். அதையும் எழுது.

துருவைச் சுரண்டினாள். சிவப்புப் பூச்சு அடித்தாள். அடித்தளத்துக்கு ஒரு தடித்த இரும்புத் தகடு வேண்டும் என்று தெமட்டகொடைப் பட்டறைக்குப் போய், பிணைச்சல் வைத்து ஒட்டுவித்துக்கொண்டு வந்தாள். அந்தப் பிணைச்சலில்தான் கம்பம் கதவு மாதிரிச் சரியும், நிமிரும். புதுக் கம்பிகளை மடித்து, மடிப்பில் கிளிப் பூட்டினாள். ஜவாத் வந்து குனிந்து பார்த்தான்.

"தங்கச்சி, இது மாறிப் போச்சி. கிளிப்புல வளைஞ்ச ஆணி ஈக்குதே, அது சும்மா தொங்குற வால்லதான் உக்காரணும். நீங்க பாரம் தாங்குற கம்பியில உக்கார வெச்சீக்கீங்க. நசிஞ்சி நசிஞ்சி ஒரு நாளைக்கி அறுந்துடும்."

"எல்லாமோ?"

"எல்லாந்தான்."

எல்லாவற்றையும் கழற்றித் திருப்பிப் பூட்டினாள். விரலில் கம்பி குத்தி இரத்தம் வந்தது. அதை அவள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சித்திரை வருடம் பிறந்தபிறகு நிமிர்த்துவதாக நாள் வைத்தார்கள். அன்றைக்குப் பத்மாவதி மாடிக் கதவடியில் வந்து நின்றாள்.

"அக்கா, செத்து ஒரு வருசம் முடியாத, ஆட்டை திரும்பாத வீட்டில கால் நடுறதோ? பந்தற்கால் மாதிரியெல்லே இது? கேள்விப்பட்ட சனம் என்ன சொல்லும்?"

"பந்தற்காலுக்கு மாவிலை கட்டுவினம். இதில காகம் கொண்டுவந்து சுத்தின கட்டுக்கம்பிதான் இருக்குது. வேணுமெண்டா நீ அதைக் கழட்டி மாவிலையைக் கட்டு."

உண்மைதான். கிடந்த கம்பத்தின் உச்சியில் காகம் கூடு வைத்திருந்தது. குச்சிக்குப் பதில் கட்டட வேலைக் கம்பித் துண்டுகள். வெள்ளவத்தைக் காகங்களுக்கு மரம் கிடையாது.

நிமிர்த்துவது இப்படி: கம்பத்தின் அடியில் நீளம் குறைந்த இன்னொரு கட்டைப் பைப்பைச் செங்குத்தாக நிற்கவைத்து, அதன் தலை வழியாகக் கம்பத்துக்குக் கயிறு போட்டு இழுக்கவேண்டும். கட்டைப் பைப் தாழத் தாழக் கம்பம் எழும்பும். ஜவாத்தும் மிதுனாவும் இழுத்தார்கள். ரிஸ்லா ஒரு பக்கக் கம்பி, தில்லைநாதன் மற்றப் பக்கக் கம்பி. பார்க்க வந்த மனிதரின் கையில் கம்பியைக் கொடுத்துவிட்டாள் மிதுனா.

"இழுங்கோ, இழுங்கோ, விடாதேங்கோ!" என்று தில்லைநாதன் கத்தினார்.

"நீங்கதான் விடாம ஈக்கணும், அங்கிள்" என்றாள் ரிஸ்லா.

கம்பம் எழும்பியது. நின்றது. மிதுனா நூலில் வீட்டுக் கதவுத் திறப்பைக் கட்டித் தொங்கவிட்டு, அது நேராக நிற்கிறதா என்று நாலு பக்கமும் பார்த்தாள். "சரி" என்றாள். நான் கீழே வந்து உலை வைத்தேன். அரிசியைக் களைந்தேனா என்று எனக்கு நினைவில்லை.

ஆனால் நிற்கிற கம்பம் வேலை செய்கிற கம்பம் இல்லையாம். அன்ரனாக் கம்பியின் நீளம் ஒத்துவரவேண்டும். அதற்குப் பிரசாந்தின் சின்னப் பெட்டி ஒன்று இருந்தது, மீற்றர் என்பார்கள். நாம் கம்பிக்கு அனுப்புகிறதில் எவ்வளவு போகிறது, எவ்வளவு திரும்பி வருகிறது என்று அதன் ஊசி காட்டும். திரும்பி வருவது கூடினால் ஊசி எழும்பும். கம்பி நீளமென்றால் இரண்டு நுனியிலும் ஒரே அளவாக வெட்டவேண்டும். நுனிகள் கைப்பிடிச் சுவருக்குக் கிட்ட இருப்பதால், கம்பத்தைச் சரிக்காமலே வெட்டலாம்.

மிதுனாவுக்கு ஓய்வு ஞாயிற்றுக்கிழமைதான். ஞாயிறு காலையில் மேலே போய் மீற்றரைப் பூட்டிப் பார்ப்பாள். நீளம் என்று காட்டும். ஒரு விரலளவு வெட்டுவாள். இன்னும் நீளம். இன்னும் வெட்டுவாள். ஊசி சொன்ன இடத்துக்கு வந்ததும் இறங்கி வருவாள். வெள்ளிக்கிழமை ஜவாத் அதே மீற்றரைப் பூட்டுவான்.

"என்ன தங்கச்சி, கட்டையாப் போச்சே! எவ்வளவு வெட்டினீங்க?"

"ஊசி காட்டின அளவுதான்."

"ஊசி இப்பிடிக் காட்டல்லியே."

"இந்த மீற்றர் வெள்ளிக்கிழமையில ஒண்டு சொல்லுது, ஞாயிற்றுக்கிழமையில ஒண்டு சொல்லுது."

"மீற்றருக்கு நாள் தெரியுமா? உங்கட கத்திரிக்கோலுக்குத்தான் அவசரம்."

அவள் விடமாட்டாள். வருகிற ஞாயிறும் பார்ப்பாள். மறுபடி நீளம் என்றே காட்டும், மறுபடி வெட்டுவாள். வெட்டிய துண்டுகளை நான் பொறுக்கிக்கொண்டு வருவேன். நல்ல செப்புக் கம்பி. பல்கனியில் கறிவேப்பிலைத் தொட்டிக்கும், பாகற்கொடியைக் கம்பிவலையில் ஏற்றிக் கட்டுவதற்கும் எடுத்தேன்.

கை கழுவிவிட்டு வந்து என்னோடு இருந்து சாப்பிடுவாள். "இன்னும் சரிவரேல்லை, மாமி."

"அதுக்கென்ன, பிள்ளை. அடுத்த ஞாயிறு பாப்பம்."

சரிவராத அந்த ஞாயிறுகள் எனக்கு நல்ல ஞாயிறுகள். யார் என்ன நினைத்தாலும் நினைக்கட்டும்.

இதற்குள் ஒழுங்கையில் கதை வளர்ந்துவிட்டது. காற்சட்டை, கூரை, ஜவாத். கதையில் ரிஸ்லாவை மட்டும் காணோம். அவளைச் சேர்த்தால் கதை நிற்காது அல்லவா. யாரோ அதைக் கனடாவுக்கும் அனுப்பிவிட்டார்கள். தமையன் போனில் கத்தியது எனக்கே கேட்டது. மிதுனா போனைக் காதில் வைத்தபடி, அவன் ஓயும் மட்டும் "ஓம், ஓம்" என்றாள். பிறகு வைத்துவிட்டுக் கீரை ஆய்ந்தாள். கோபமும் வரவில்லை. வந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

வைகாசியில் ஒரு ஞாயிறு, கடல் பக்கம் கறுத்து இருட்டிக்கொண்டு வந்தது. காயவைத்த மிளகாயை அள்ள நான் மேலே போனேன். மிதுனா மீற்றருக்கு முன்னால் குந்தியிருந்தாள். எங்கள் கட்டடத்தில் ஞாயிறுதான் எல்லா வீட்டிலும் உடுப்புத் தோய்க்கிற நாள். கட்டியிருக்கிற கொடிகள் போதாமல், அன்ரனாக் கம்பியின் நுனியைச் சுவரோடு கட்டியிருந்த நைலோன் கயிற்றிலும் சனம் உடுப்புப் போடும். அன்றைக்கும் அதில் பத்மாவதியின் இரண்டு நூல் சேலையும் ஒரு படுக்கை விரிப்பும், ஈரத்தோடு, கம்பி நுனிக்கு மேலாலும் விழுந்து தொங்கின. மழை வருகிறது என்று பத்மாவதி மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

"விலகும், பிள்ளை. உம்மட விளையாட்டுப் பெட்டியைக் கொஞ்சம் அங்கால வையும். என்ர உடுப்பெல்லாம் நனையப் போகுது."

"அது நனைஞ்சுதானே இருக்குது" என்றேன்.

அவள் முறைத்துக்கொண்டு சேலையை இழுத்தாள், விரிப்பை இழுத்தாள். மிதுனா மீற்றரையே பார்த்துக்கொண்டிருந்தவள், தலையை நிமிர்த்தினாள்.

"பத்மாவதி அக்கா, அதைத் திருப்பிப் போடுங்கோ."

"எதை?"

"அந்தச் சேலையை. இருந்த இடத்திலையே."

"மழை வருது, பிள்ளை!"

"ஒருக்காப் போடுங்கோ."

பத்மாவதி என்னைப் பார்த்தாள். நான் மிளகாய் அள்ளினேன். அவள் சேலையைப் போட்டாள். "இப்ப எடுங்கோ" என்றாள் மிதுனா. எடுத்தாள். "திரும்பப் போடுங்கோ." போட்டாள். தூறல் விழத் தொடங்கிவிட்டது.

"எனக்கென்ன விசரா, உமக்கென்ன விசரா? ஒண்டைச் சொல்லும்!"

ஈரச் சேலை கம்பியில் விழுந்தால் ஊசி ஓடுகிறது, எடுத்தால் திரும்பி வருகிறது. ஈரத்துணி பட்டால் கம்பி தன்னை நீளமென்று காட்டுமாம், துணி கூடினால் இன்னும் நீளமென்று காட்டுமாம். இத்தனை ஞாயிறும் மிதுனா வெட்டியது பத்மாவதியின் சேலைக்காக. வெள்ளிக்கிழமைப் பின்னேரத்தில் ஒருவரும் உடுப்புத் தோய்ப்பதில்லை, ஆனபடியால் ஜவாத்தும் கண்டுபிடிக்கவில்லை. மிதுனா மூக்கால் ஒரு சத்தம் விட்டாள். சிரிப்பு என்று சொல்லமாட்டேன். ஆனால் தைக்குப் பிறகு அவளிடமிருந்து வந்த முதல் சத்தம் அது.

நனைந்தபடி கீழே வந்தாள்.

"மாமி, வெட்டின துண்டுகள் எங்கை?"

குப்பையில் போட்டுவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். கடையில் புதுக் கம்பி கிடைக்கும்தான், ஆனால் அதற்கும் இரண்டு மூன்று கிழமை போகும். நான் பல்கனிக்குப் போனேன். பாகற்கொடி அப்போதுதான் பிஞ்சு பிடித்திருந்தது. கம்பித் துண்டுகளை ஒவ்வொன்றாக முறுக்கு எடுத்து, அகப்பைக் காம்பால் நீவி நேராக்கி, ஒரு தட்டில் வைத்து அவளிடம் கொடுத்தேன். கொடி சரிந்து தொட்டிக்குள் விழுந்தது. அவள் அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். தட்டை வாங்கிக்கொண்டு போனாள்.

வேண்டிய அளவுக்குத் துண்டுகளை ஈயம் உருக்கி ஒட்டினாள். ஒட்டிய இடத்தை இரப்பர் ரேப்பால் சுற்றினாள். அடுத்த வெள்ளி ஜவாத் தன் ரேடியோவை மாடிக்குக் கொண்டுவந்தான். அனுமதி உள்ளவன் அவன், ஆனபடியால் கதைத்ததும் அவன். ஊசி எழும்பாமல் கிடந்தது. கூப்பிட்டான். இரைச்சல். இன்னொரு தரம் கூப்பிட்டான். இரைச்சலுக்குள்ளிருந்து ஒரு ஆண் குரல் வந்தது. ரிஸ்லா வாளியிலிருந்து எழும்பிவிட்டாள்.

"எங்கட ஹஸன் நானா!"

ரிஸ்லாவின் தமையன் ஹஸன், வாழைச்சேனையில் மீன்பிடிப் படகுகளுக்கு ரேடியோவும் அன்ரனாவும் பூட்டுகிறவன்.

"ஜவாத், பக்கத்துல நிண்டு கத்துற மாதிரிக் கேக்குது. யாரு கட்டின அன்ரனா?"

"இங்க ஒரு தங்கச்சி. பத்து வாட்டி வெட்டி, திரும்ப ஒட்டினது."

"அந்தத் தங்கச்சிய இங்க அனுப்புங்க. கடலுக்குப் போற போட் எல்லாம் உப்புப் புடிச்சி ஊமையாத்தான் திரும்பி வருது. பாக்கிறதுக்கு ஆளில்ல."

ஜவாத் சிரித்தான். ரிஸ்லா சிரித்தாள். மிதுனா சிரிக்கவில்லை. "உப்பு எந்த இடத்தில பிடிக்குது எண்டு கேளுங்கோ, அண்ணா" என்றாள்.

எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

சில நாள் கழித்து, மத்தியானச் சாப்பாட்டில் சொன்னாள்.

"மாமி, நான் வாழைச்சேனைக்குப் போகப் போறன். ரிஸ்லாவின்ர உம்மா வீட்டில அறை இருக்குதாம். அவ தனியத்தானாம் இருக்கிறா."

"கனடா?"

"வரேல்லை எண்டு அண்ணாவுக்குச் சொல்லிப்போட்டன்."

"இஞ்சை இருந்தா என்ன, பிள்ளை?"

அவள் சோற்றைப் பிசைந்துகொண்டு யோசித்தாள். பொய் சொல்ல யோசிக்கவில்லை, அது எனக்குத் தெரியும்.

"இஞ்சை எனக்கு ஒண்டும் தெரியுதில்லை, மாமி. நீங்கள் சமைக்கிறதில உப்பும் தெரியேல்லை, புளியும் தெரியேல்லை. அந்தக் கம்பியோட நிக்கேக்கை மட்டும் கை நோகுறது தெரியுது."

நான் இன்னும் ஒரு கரண்டி சோறு போட்டேன். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்குமேல் நானும் கேட்கவில்லை. நான் கலைத்தேன் என்கிறவர்கள் இந்த இடத்தைத் திருப்பி வாசிக்கட்டும்.

போவதற்கு முன் கம்பியின் இரண்டு நுனியையும் உயரத்தில் ஏற்றிக் கட்டினாள், யாருடைய சேலையும் எட்டாத உயரத்தில். பெண்களுக்கென்று தனியாக இரண்டு உடுப்புக்கொடி கட்டிவிட்டாள். வெள்ளிக்கிழமைகளில் ஜவாத் வந்து அன்ரனாவைப் பாவிக்கலாம் என்று தில்லைநாதன் தலையாட்டினார். காகக் கூட்டை மட்டும் அடிக்கடி பிரிக்கச் சொன்னார்.

போனது ஒரு ஞாயிறு காலை. ஜவாத் கடையில் இருந்தான், வேண்டுமென்றால் கொம்பனித்தெருவில் போய்க் கேளுங்கள். கீழே ஓட்டோ வந்து நின்றது. அவளிடம் ஒரு பை, தோளில் மீற்றர்ப் பெட்டி. எங்கள் ஆட்களில் பயணம் புறப்பட்டால் முழுவியளம் பார்ப்பது வழக்கம், அதாவது வாசலால் இறங்கும்போது முதலில் எதிர்ப்படுகிறவர் நல்ல சகுனமாக இருக்கவேண்டும் என்பது. வாசலில் நின்ற நாங்கள் இரண்டு பேரும் தாலி இல்லாதவர்கள்.

"அதெல்லாம் வேண்டாம், மாமி" என்றாள்.

"உனக்கு வேண்டாம். எனக்கு வேணும். நில்லு."

படிக்கட்டை எட்டிப் பார்த்துக் கூப்பிட்டேன். "பத்மாவதி! ஒருக்கா மேல வா!"

அவள் ஏற்கெனவே வந்துகொண்டுதான் இருந்தாள். நெற்றி நிறையப் பொட்டு, இடுப்பில் தோய்த்த உடுப்பு நிறைந்த பேசின்.

"என்ன, அக்கா? உடுப்புக் காயப்போடப் போறன்."

"அந்தப் படியிலையே நில்லு. பிள்ளை பயணம் போகுது. முழுவியளத்துக்கு ஆள் இல்லை."

"ஐயோ, அக்கா, ஈர உடுப்போடயோ?"

"நிறைஞ்ச பாத்திரம்தானே. நில்லு எண்டா நில்லு."

நின்றாள். பேசினிலிருந்து தண்ணீர் சொட்டி ஒவ்வொரு படியாக இறங்கியது. மிதுனாவின் பையைப் பார்த்தாள், மீற்றர்ப் பெட்டியைப் பார்த்தாள், அவளுக்குப் பின்னால் வெறும் வாசலில் என்னைப் பார்த்தாள். வேறு யாரும் இருக்கவில்லை. பத்மாவதிக்குக் கண் நன்றாகத் தெரியும்.

"கவனமாப் போயிட்டு வாரும், பிள்ளை" என்றாள். பிறகு, "அங்கை உடுப்புக் காயப்போடுற ஆக்களிலையும் ஒரு கண் வையும்" என்றாள்.

மிதுனா மூக்கால் அந்தச் சத்தத்தை விட்டாள். என் பக்கம் திரும்பினாள்.

"போயிட்டு வாறன், மாமி."

"ஓம். ஈரப்படியில வழுக்கும், பாத்து இறங்கு" என்றேன்.

பத்மாவதி சுவரோடு ஒதுங்கிப் பேசினைத் தூக்கிப் பிடித்தாள். மிதுனா இறங்கிப் போனாள்.